தொட்டிலில் ஒரு மீசை

ஒரு ஊரில் என்று தொடங்கலாம்தான். ஆனால் ஊரே இல்லாத வெட்டவெளியில் ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி மிதந்துகொண்டிருந்ததாம். ஆயிரத்து முந்நூறு கோடி வருடங்களுக்கு மேல் நடந்து களைத்த ஓர் ஒளிக்கீற்று அதன்மேல் வந்து விழுந்தது.

"நான் கிளம்பும்போதே எங்க விண்மீன் மண்டலம் அவ்வளவு பெரிசுக்கா!" என்றது கீற்று.

கண்ணாடிக்கு உதறல் எடுத்தது. "அப்போ பிரபஞ்சமே கைக்குழந்தைடி. தொட்டில் பிள்ளைக்கு மீசைன்னு சொன்னா, பூமியில இருக்கற விஞ்ஞானிங்க எனக்குத்தான் கீறல்னு ஒதுக்கிடுவாங்க. கொஞ்சம் சிறுசுன்னு சொல்லேன்?"

"எப்படி வளர்ந்துச்சுன்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆனா அதைப் பார்த்துட்டு வந்தவ நான்தான்."

கண்ணாடி லேசாக நடுங்கினால் போதும், படம் கலங்கிவிடும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், கீற்றைக் கேமராவுக்குள் திருப்பிவிட்டது.

"நம்புவாங்களாடி?"

கீற்று உள்ளே போய்விட்டிருந்தது.