செல்லாத அம்மன் காசு

கூரைப் பொத்தல் வழியே இறங்கும் வெயிலில் சொர்ணவல்லியின் உள்ளங்கையில் அம்மன் காசு மினுங்குகிறது. அம்மன் முகம் பொறித்து அந்தக் காசை அடித்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் போன வாரம்தான் மதராசோடு சேர்ந்தது. வாசலில் கட்சிக் கொடியோடு அக்காள் மகன் மூக்கன் நிற்கிறான். "இனிமே ராசா இல்ல சின்னாத்தா, ஓட்டுதான். அந்தச் செல்லாக்காசக் குப்பையில போடு." அவள் காசை முந்தானையில் துடைக்கிறாள். "மழையத்த வருசம் நவராத்திரிக்கு அரமனையில அரிசியும் இந்தக் காசும் குடுத்தாக. பதிலுக்கு ஒண்ணும் கேக்கலடா. அந்தக் கஞ்சியிலதான் ஒங்காத்தாளுக்குப் பால் சொரந்துச்சு, நீ பொழச்சே. ஒங்க ஓட்டுக்காரவுகளும் அப்புடிக் குடுக்கட்டும், அவுகளையும் கும்புடுறேன்." அம்மன் காசு உள்ளே கிடந்தால் அரிசி வற்றாது என்று பானைப் பக்கம் திரும்புகிறாள். மூக்கன் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து மூடியைத் திறந்து பிடிக்கிறான். அடியில் கிடக்கும் நாழி அரிசிமேல் காசு விழுகிறது, அம்மன் முகம் மேலே பார்த்தபடி.