கோட்டர்ஸ் நம்பர்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் அன்று வந்திருந்த நாற்பது பிள்ளைகளும் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பாடத்துக்கு ஒருநாளும் இப்படி உட்கார்ந்ததில்லை.

பேசிக்கொண்டிருந்தவள் ஜெயப்பிரியா. இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்கிறாள். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இதே ஆவடிப் பள்ளியில், இதே ஒன்பதாம் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

நான்தான் அவளை வரவழைத்தேன். என் வகுப்பு தீபிகா பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய இன்ஸ்டாகிராம் கணக்கில் யாரோ நுழைந்து, அவள் பேரில் வகுப்பில் இருக்கும் எல்லாரையும் கேவலமாக எழுதிவிட்டார்கள். தான் எழுதவில்லை என்று அவள் அழுததை யாரும் நம்பவில்லை. டி.சி. கொடுத்துவிடுங்கள் என்று அவள் அம்மா இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்.

செய்தவர் வாயைத் திறந்தால்தான் அவள் திரும்பி வருவாள்.

ஜெயப்பிரியா எங்கள் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஃபேக்டரி கோட்டர்ஸில் பேரைவிட வீட்டு நம்பருக்குத்தான் மரியாதை. எங்கள் வகுப்பில் மூன்று ரேவதி. நான் சி-114 ரேவதி. கீரைக்காரர்கூட ‘நூத்திப் பன்னெண்டு அம்மா’ என்றுதான் குரல் கொடுப்பார். அது ஜெயப்பிரியா வீடு.

இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். போகும்போது அவள் மிதிப்பாள், வரும்போது நான். சனிக்கிழமையானால் சேக்காட்டில் பிரவுசிங் சென்டர். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து ஃபேஸ்புக் பார்ப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

உங்கள் பாஸ்வேர்டில் எத்தனை பேருக்குக் கோட்டர்ஸ் நம்பர் இருக்கிறது என்று அவள் கேட்டாள். பாதி வகுப்பு நாக்கைக் கடித்துக்கொண்டது.

எங்கள் காலத்திலும் எல்லாரும் அப்படித்தான், தான் மட்டும் புத்திசாலித்தனமாக வேறொரு நம்பர் வைத்திருந்ததாகச் சொன்னாள். அப்படியும் ஒருவர் உள்ளே நுழைந்து, அவள் பேரில் எல்லாரையும் திட்டி எழுதியது, வகுப்பே அவளோடு பேசாமல் போனது, அவள் அப்பா டிரான்ஸ்ஃபர் கேட்டுத் திருச்சிக்குப் போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

யார் செய்தது என்று ஒரு பிள்ளை கேட்டது. அதை யாரிடமும் கேட்டதில்லை என்றாள்.

அப்புறம் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தாள். தீபிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் எழுதலாம், இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுத வேண்டும். பேர் வேண்டாம். எல்லார் கையும் எழுதும். யார் கையையும் யாரும் பார்க்கக் கூடாது.

நானும் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டேன். டீச்சர் எழுதினால்தான் பிள்ளைகளும் எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மணி அடித்து வகுப்பு காலியானதும் அவள் மேசையில் சீட்டுகளைக் கொட்டிப் பிரித்தாள். நாற்பது பிள்ளைகள், நாற்பத்தொரு சீட்டு. முப்பத்தொன்பதில் ஒன்றுமில்லை.

மீதி இரண்டில் ஒன்றை என்னிடம் தந்தாள்.

‘நான்தான் மிஸ். விளையாட்டுக்குத்தான் செஞ்சேன். தீபிகா வரணும்.’

தினமும் திருத்துகிற கையெழுத்து, தெரியாமல் இருக்குமா? தீபிகாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவள்.

இன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தீபிகா வீட்டுக்குப் போகச் சொன்னாள் ஜெயப்பிரியா. தள்ளிப்போட்டால் அப்புறம் முடியவே முடியாது என்றாள்.

கடைசிச் சீட்டை ஒருமுறை படித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“இது இந்த க்ளாஸ் சீட்டு இல்ல.”

நான் கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

“அன்னிக்கே தெரியும்டி,” என்றாள் பின்னாலிருந்து. “என் பாஸ்வேர்டு உன் வீட்டு நம்பர். அது வேற யாருக்குத் தோணும்?”

அப்போது அவள் இன்னொருத்தியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன கோபம் எனக்கு. அந்தச் சனிக்கிழமை சேக்காட்டுக்குத் தனியாகப் போனேன். முதலில் அவள் நம்பரைத்தான் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

அப்புறம், சும்மா, என் நம்பரைப் போட்டேன்.

திறந்துகொண்டபோதாவது எழுந்து வந்திருக்கலாம்.