அஜிதாவின் நூல்

மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த நிரஞ்சனிக்கு மனம் ஆறட்டும் என்று, தேயிலைத் தோட்டத்தில் அதே லயத்து வரிசையில் அடுத்த வீட்டு அஜிதாதான் குரோஷே பின்னக் கற்றுக்கொடுத்தாள். அஜிதாவும் அதே காய்ச்சலில் மகளை இழந்தவள். செத்துப்போன பிள்ளைகளுக்கே ஆளுக்கொரு சுவெட்டர் பின்னிக் கொடியில் போட்டு வைத்தார்கள்.

அஜிதா மட்டும் மாதாமாதம் சுவெட்டரின் கையைப் பிரித்து நீளமாகப் பின்னினாள்.

“எதுக்கு அஜிதா?”

“பத்தலக்கா. வளர்றால்ல.”

அதன் முழங்கை தேய்ந்திருந்தது. நிரஞ்சனி பின்னியது புதுக்கருக்கு அழியாமல் கிடந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைக்கு மட்டும் வழி தெரியாதா?

அஜிதா கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, நிரஞ்சனி அவளுடைய நூலுருண்டையை எடுத்து வந்து மகனுக்குப் புதிதாக ஒன்று பின்னினாள். முடித்த மறுநாள் காலை அது உடம்புச் சூட்டோடு இருந்தது. எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். சுவெட்டரின் கழுத்தில் முழ நீளத் தலைமுடி ஒன்று சிக்கியிருந்தது. அவள் மகன் ஒட்ட முடி வெட்டியவன்.

வாசலில் அஜிதா நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, எம்புள்ள நேத்து வரல. இங்கிட்டு வந்தாளா?”

“காணலியே,” என்று நிரஞ்சனி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பகலில் மாத்தளைக்குப் பஸ் ஏறிப்போய், இரண்டு கஜம் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்தாள்.