டாக்டர் மேஜையில் ஊறுகாய்

திண்டிவனம் டாக்டர் வெங்கடாசலத்தின் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடி! ஒலக்கூர் விருத்தாசலம் திரைச்சீலைச் சந்து வழியாகத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. யுத்தம் ஆரம்பித்த மாசம் இதே டாக்டர்தான் அவன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, "மூத்திரக்காய், அதான் கிட்னி, ரெண்டும் கெட்டுப் போச்சுய்யா. ரத்தக் குழாயெல்லாம் கயித்தாட்டம் இறுகிக்கினு வருது. பொழைக்கணும்னா உப்பை மறந்துடு" என்றவர்.

ஒன்பது மாசமாக உப்பில்லாத கேப்பைக் களி. இன்று சந்தையில் மனசு கேட்காமல் நெத்திலிக் கருவாடு வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். ஒரே ஒரு வேளை தின்னலாமா என்று கேட்கத்தான் வந்தான்.

இனிமேல் கேட்பானேன்? திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"நல்லாருக்குதுங்க ஞாயம்! எனக்கு உப்பு ஆவாது, உங்களுக்கு மட்டும் மாங்கா ஊறுகாயா? இன்னிக்கே கருவாட்டுக் கொழம்பு வெச்சுத் தின்னப்போறேன். வர்றது வரட்டும்!"

டாக்டர் கவளத்தோடு திருதிருவென்று விழித்தார்.

"கத்தாதேய்யா. இந்தக் கையைப் பிடிச்சுப் பாரு."

விருத்தாசலம் மூன்று விரல் வைத்துத் தடவினான். தினமும் தன் கையைத் தானே தடவிப் பழகியவன். அவனுக்குப் பகீரென்றது.

"என்னாங்க இது! என்னுது சணல் கயிறுன்னா உங்களுது தாம்புக் கயிறாட்டம் கீதே!"

"எனக்கும் அதே வியாதிதான். நாலு வருஷமாச்சு. வெளியில சொல்லிடாதே, அப்புறம் எவன்யா எங்கிட்ட வைத்தியத்துக்கு வருவான்?"

"அப்ப இந்த ஊறுகா?"

டாக்டர் வெட்கத்தோடு ஜாடியைத் திறந்தார். மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். ஜாடியை மூடினார். அப்புறம் உப்பில்லாத மோர்ச்சோற்றை ஒரு கவளம் விழுங்கினார்.

"கவளத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான். இந்தா, நீயும் மோந்து பாரு."

விருத்தாசலத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மோந்தான். பிறகு மடியை அவிழ்த்து, கருவாட்டுப் பொட்டலத்தை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுவும் இங்கயே இருக்கட்டும் டாக்டரய்யா. வீட்டுல இருந்தா தின்னுடுவேன். சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து மோந்துட்டுப் போறேன்."

பரம்பரைச் சைவரான டாக்டர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தின் பக்கம் மெதுவாக மூக்கை நீட்டினார்.