முட்டுக் கொடுத்த பெட்டி

குழந்தைகள் காப்பகத்தின் ஃபால்ஸ் சீலிங் பலகையை விலக்கி, மின் ஆய்வாளர் டார்ச்சோடு தலையை உள்ளே நீட்டுகிறாள். கை பருமனுள்ள ஒயர்க்கட்டு, தண்ணீர்க் குழாயில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்குகிறது. இந்தக் கண்றாவியை மறைக்கத்தான் பலகையில் மேகமும் நட்சத்திரமும் வரைந்திருக்கிறார்கள் போல. “எல்லாம் கிளாம்ப் அடிச்சு நிறுத்தினது மேடம், இம்மி அசையாது” என்கிறார், கீழே தொட்டில்களுக்கு நடுவே ஏணியைப் பிடித்திருக்கும் கான்ட்ராக்டர். வெளிச்சம் நகர்கிறது. கயிறு எட்டாத இடத்தில் ஒயருக்கு முட்டாக, ‘கேபிள் கிளாம்ப்’ என்று அச்சடித்த ஓர் அட்டைப்பெட்டி. ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. விரலால் தட்டினால் உள்ளே அத்தனை கிளாம்ப்பும் கலகலவென்கின்றன. அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. “அப்படியா? இதுக்கு நேர் கீழ இருக்கற தொட்டில் பக்கத்துல வந்து நில்லுங்க, பெட்டியை உருவறேன்.” இம்மி அசையாது என்றவர், ஏணியையும் விட்டுவிட்டு வாசற்படியில் போய் நிற்கிறார்.