செயின் போட்ட சத்தம்

நல்லசிவத்தின் காரில் டைமிங் செயின் தளர்ந்துபோய், இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் போட்டது. மாற்றினால் நிறையச் செலவாகும் என்றார் மெக்கானிக். நல்லசிவம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டிப் பாட்டை அலறவிட்டார்.

"நான் இப்படிக் கத்துறேனே, அவருக்குக் கேட்கலையா?" என்று செயின் ஸ்பீக்கரிடம் கேட்டது.

"கேட்டதாலதானே என்னை வாங்கினாரு!"

மலைப்பாதையில் ஏறும்போது செயின் அறுந்தது. இன்ஜினுக்குள் வால்வுகள் வளைந்து கார் நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் கட்டி இழுத்து வந்தார்கள்.

"அப்பவே மாத்தியிருந்தா செயின் செலவோட போயிருக்கும் சார். இப்போ இன்ஜினையே பிரிக்கணும், மூணு மடங்கு ஆகும்," என்றார் மெக்கானிக்.

நல்லசிவம் பானெட்டைத் தடவி, "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று புலம்பினார்.

கழற்றித் தட்டில் போட்டிருந்த அறுந்த செயினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சும்மா இரு, அழுதுடுவாரு," என்றது ஸ்பீக்கர்.