வெறும் இரைச்சல்

“நின்னுபோச்சு சார்! அந்த டப்டப் நின்னேபோச்சு!”

தல்ஹா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

விமான் நகரில் நான்காம் மாடியிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரமாக எல்லோர் உயிரையும் வாங்கிய சத்தம் அது. மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் பிடித்துவிடும் குவாண்டம் கருவி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். அது அளப்பதையெல்லாம் கணினி ஒலியாக மாற்றித் தரும். கோளாறு இல்லாவிட்டால் மழை பெய்வதுபோல் வெறும் இரைச்சல்தான் கேட்க வேண்டும். ஆனால் நடுவே ஏதோ டப்டப்பென்று ஓடிக்கொண்டே இருந்தது. முன்னால் உட்காருபவரின் இதயத்துடிப்பைக்கூடக் கணினி கழித்துவிடும், இது மட்டும் போகவில்லை. ஏசியை அணைத்தார்கள். லிஃப்டை நிறுத்தி, கீழ்மாடிக்காரர்களிடம் மராத்தியில் வண்டி வண்டியாகத் திட்டும் வாங்கினார்கள்.

நாளை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். சத்தம் போகாவிட்டால் திட்டமே ஊற்றிக்கொள்ளும். கருவியருகே உட்கார்ந்து அதைச் சரிபார்க்கும் ஒப்பந்த ஊழியர் சுப்ரஜாவின் வேலையும் அதோடு சரி.

“பொழச்சோம்மா” என்றார் தலைவர் லூர்துசாமி. “நீ உக்காரும்போது மட்டுந்தான் வருதுன்னு உன்னை மாத்திடலாம்னுகூட நெனச்சேன். இனி உன் காண்ட்ராக்டுக்குப் பயமில்ல.”

கருவியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த சுப்ரஜாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னொருக்கா ஓட்டுங்க தல்ஹா.”

ஓட்டினான். இரைச்சல்தான் வந்தது.

“ஒயர் கழண்டிருக்குமுங்க, பாருங்க.”

“எல்லாம் டைட்டாதான் இருக்கு. அரே, நல்ல நியூஸுக்கு ஏன் டென்ஷன்?”

“சவுண்டைக் கூட்டுங்க!”

கூட்டினான். அறை முழுக்க மழை பெய்தது. அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“என்னம்மா ஆச்சு?” லூர்துசாமிக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அந்தக் கோளாறு போகணும்னுதானே மூணு வாரமா நாயா அலைஞ்சோம்?”

“ஒரு ஆட்டோ புடிச்சுக் குடுங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.” தொளதொளத்த குர்தாவின்மேல் இரண்டு கைகளையும் வைத்து வயிற்றை அழுத்திக்கொண்டாள். “அது கோளாறு இல்லீங்க சார். சொன்னா காண்ட்ராக்ட் போயிருமுன்னு வாயத் தொறக்காம இருந்துட்டேன்... எனக்கு இது ஆறாம் மாசமுங்க.”